கிறிஸ்துராஜ் ஊதிய வண்டிகள்

1986 மார்ச்சில், அம்பத்தூர் மெக்கானிக் கிறிஸ்துராஜ் பழுது பார்த்த கார்களிலிருந்து புகை வருவது நின்றது. அந்தப் புகை அவர் வாயிலிருந்து வந்தது. கார்ப்ரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் பாயும் சின்னத் துளையை வாயால் ஊதி அடைப்பெடுப்பது எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். இவர் ஊதிய பிறகு, பின் தெரு வீரராகவனின் அம்பாசடர் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் ஓடியது. அது ஆவடி மேட்டில் ஏறும்போதெல்லாம் பட்டறையில் இருந்த கிறிஸ்துராஜ் கரும்புகையாக இருமினார்.

பெட்ரோல் விலை ஏற ஏற, பருத்திப்பட்டிலிருந்தும் காட்டுப்பாக்கத்திலிருந்தும் வண்டிகள் வரிசை கட்டின. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நலம் விசாரித்துவிட்டு, அதே கையால் பானெட்டைத் திறந்தார்கள். வெட்கங்கெட்ட ஜனங்கள். மனைவி சாராள் காற்றடிக்கக் கம்ப்ரசர் வாங்கிப் போட்டாள். அதில் ஊதிய வண்டி பழையபடி புகைந்தது. கிறிஸ்துராஜுக்கோ, புகையில்லாமல் ஒரு வண்டி கிளம்புவதைப் பார்ப்பதில் அப்படியொரு ஆசை. ஞாயிறு ஆராதனையில் அவர் பாட வாய் திறந்தால் முன்வரிசை எழுந்து இடம் மாறியது.

வண்டிகளுக்குப் போலீஸ் புகைச் சான்றிதழ் கேட்கத் தொடங்கிய வருடம் கூட்டம் இரட்டிப்பானது. இன்னொரு முறை ஊதினால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாளே வீரராகவன் புதிதாக வாங்கிய பழைய பியட்டோடு வந்தார். சாராள் குறுக்கே நின்றாள்.

"உங்க வண்டிக்கு மூச்சு கீது அண்ணாத்தே. இவருக்கு இல்ல."

வீரராகவன் தலை குனிந்துகொண்டார். வண்டியை மட்டும் திருப்பவில்லை. அதற்குள் கிறிஸ்துராஜ் வேலையைத் தொடங்கியிருந்தார்.

"கழட்டிட்டேன் சாராளு. கழட்டினத மாட்டாம எப்டி அனுப்பறது?"

ஊதினார். மாட்டினார். பியட் சத்தமில்லாமல் கிளம்பியதைப் பார்த்துவிட்டு இறந்துபோனார்.

அடக்கம் செய்த மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஆபீஸ் வண்டிகள் கிளம்பும் நேரத்தில், கல்லறையிலிருந்து புகை எழுந்தது. போதகர் ஜெபித்துப் பார்த்தார். வண்டிகளை யாரும் நிறுத்தவில்லை. சாராள் தினமும் போய்ச் சிலுவையைத் துடைத்தாள். வருடங்கள் போக, வண்டிகள் ஒவ்வொன்றாகக் காயலாங்கடைக்குப் போயின. புகையும் நூலாக இளைத்தது. 1998-ல் ஒருநாள் அதுவும் வரவில்லை. பத்து மணிவரை காத்திருந்துவிட்டு, சாராள் கல்லறைத் தோட்டச் சுவரை ஒட்டிய வீரராகவன் வீட்டுக்குப் போனாள்.

"வண்டிய எடுக்கலியா அண்ணாத்தே?"

பேட்டரி போய்விட்டதால் பியட்டையும் எடைக்குப் போடப்போவதாக அவர் சொன்னார்.

"ஏறி குந்துங்க. நான் தள்றேன்."

வீரராகவன் ஏறினார். சாராள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருமுனை வரை தள்ளினாள். அங்கே இன்ஜின் பிடித்தது. சுவருக்கு மேலே புகை எழுந்ததும், நாளைக்கும் வருவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.