மண்ணுக்குக் கொடுத்த முப்பது ஜட்டி

கல்லூரிச் செலவில் முப்பது வெள்ளைப் பருத்தி ஜட்டி வாங்கி, ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து, கில்தரா கிராமத்து விவசாயிகள் முப்பது பேருக்கு டெர்வலா கொடுத்தபோது ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். வயலில் ஒரு சாண் ஆழத்தில் புதைக்க வேண்டும், இரண்டு மாதம் கழித்துத் தோண்டிக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். மண்ணில் உயிர் இருந்தால் அதிலுள்ள பூச்சியும் பூஞ்சையும் துணியைத் தின்றுவிடும், இடுப்பு எலாஸ்டிக் மட்டும் மிஞ்சும். மண் செத்துக் கிடந்தால் ஜட்டி புதைத்தது புதைத்தபடியே வெளியே வரும். மண்ணைப் பற்றி விவசாயிக்கு இதைவிட எளிதாக எவனால் சொல்லிவிட முடியும்?

அவள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் விரிவாக்க அலுவலர், அதாவது ஆராய்ச்சியை வயல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பவள். மூன்று வருஷ ஒப்பந்தம், இந்த மாதத்தோடு முடிகிறது. வேலை நீளுமா, மூட்டை கட்ட வேண்டியதுதானா என்பது ஜட்டிகள் கையில் இருந்தது. அவளுக்கு மேலே இருக்கும் பேராசிரியர் லோர்கன் ப்ரன்ட்டி பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்: "இருபத்தஞ்சு வயலோட முடிவாவது உருப்படியா வரணும் டெர்வலா. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

செப்டம்பர் சனிக்கிழமை, பங்குக் கோயில் மண்டபம். பேராசிரியர் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார். பதினொன்றுக்கே முப்பது பேரும் திருப்பலிக்குப் போட்டுப்போகிற கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் பையும் கூட வீட்டுப் பெண்களுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். டெர்வலா முதல் பையைத் திறந்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஜட்டி துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடிக்கப்பட்டிருந்தது. லாவெண்டர் வாசனை வேறு. பூச்சி தின்ற ஓட்டைகளையெல்லாம் வெள்ளை நூலால் அழகாக இழையோட்டித் தைத்திருந்தார்கள். இரண்டாவது பையிலும் அதே கதை. மூன்றாவதில் இருந்தது கடையில் வாங்கிய புது ஜட்டி, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"ஐயோ! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

நூலா கன்கானன் அம்மாள் எழுந்தாள். அந்தப் பங்கில் பூ வைப்பதிலிருந்து கேக் வெட்டுவதுவரை அவள் சொன்னதுதான் சட்டம். "என்னம்மா கத்துற? சேறும் சகதியுமா, கந்தலா, எங்க வீட்டு ஆம்பளை ஜட்டியை டப்ளின்காரர் முன்னாடி தூக்கிக் காட்டச் சொல்றியா? நாங்க என்ன மானங்கெட்டவங்களா?"

"மானம் போனாத்தான் நல்ல மண்ணு நூலாம்மா! கந்தலா வந்தாத்தான் என் வேலை நிலைக்கும்!"

டெர்வலா அடுத்தடுத்து எல்லாப் பைகளையும் திறந்தாள். இருபத்தொன்பதும் வெள்ளை வெளேர். கடைசிப் பை மலக்கி டூஹியுடையது. கல்யாணம் கட்டாத மனுஷன், ஊர்க்கோடியில் கோரை மண்டிய நிலம், அதைப் பார்த்துச் சிரிக்காதவர் கில்தராவில் கிடையாது. அவர் பையில் ஒரு எலாஸ்டிக் பட்டையும் அதில் தொங்கும் நாலு நூலும் மட்டும் இருந்தன. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டெர்வலாவுக்கோ அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

நூலா கோட்டின் கையைச் சுருட்டிவிட்டாள். "அப்ப கந்தலா இருந்தா இந்தப் பொண்ணு இங்கயே இருக்கும், அப்படித்தானே? ஏய், சமையலறையில கத்திரிக்கோல் இருக்கு, எடுங்க!"

டெர்வலா வேண்டாம் வேண்டாம் என்று குறுக்கே விழுந்ததை யார் கேட்டார்கள்? பாதிப்பேர் வெட்டினார்கள், பாதிப்பேர் பல்லால் கிழித்தார்கள். மண்டபத்துக்குப் பின்னால் பாதிரியார் ஆசையாக வளர்த்த ரோஜாப் பாத்தியில் இருபத்தொன்பது ஜட்டியையும் போட்டு மிதித்துப் புரட்டிக் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு அடிக்கும்போது எல்லோரும் கை கழுவி, டீயும் ஹாம் சாண்ட்விச்சுமாகச் சாதுவாக உட்கார்ந்திருந்தார்கள்.

பேராசிரியர் மேசையைப் பார்த்தார், வாயைப் பிளந்தார். "அடேங்கப்பா! இப்படி ஒரு மண்ணை நான் பார்த்ததே இல்ல!" அப்புறம் ஒன்றைத் தூக்கிக் கண்ணருகே பிடித்தார். "ஆனா ஓரமெல்லாம் இவ்வளவு நேரா இருக்கே?"

"எங்க ஊர்ப் புழு ரொம்ப ஒழுக்கம் சார்," என்றாள் நூலா, கண் இமைக்காமல்.

பேராசிரியர் அதையும் குறித்துக்கொண்டார்! படித்த மனுஷன்!

"நீ கெட்டிக்காரி டெர்வலா. உன் வேலைக்கு இனி பயமில்ல," என்றார். "அடுத்த வாரமே எல்லாருக்கும் எழுதிடலாம். இந்த மண்ணுக்கு மூணு வருஷத்துக்கு எருவும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம்னு."

டெர்வலா மனசுக்குள் கணக்குப் போட்டாள். எரு போடாவிட்டால் புல் மெலியும், புல் மெலிந்தால் இந்த மாடுகள் என்னத்தைத் தின்னும்? எதிரே இருபத்தொன்பது முகங்கள், 'பார்த்தியா, காப்பாத்திட்டோம்' என்று அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டியது.

"சார், எழுதாதீங்க," என்றாள். "இருபத்தொன்பதும் பொய். துவைச்சுக் கொண்டுவந்தாங்க. எனக்காகத்தான் இப்பக் கிழிச்சாங்க. இதோ, மலக்கியோடது ஒண்ணுதான் நிஜம்."

நூலாவின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. பேராசிரியர் பேனாவை மூடினார். "ஒண்ணை வச்சு நான் என்ன பண்றது?"

"ஒண்ணுன்னே எழுதுங்க சார். நிஜமான ஒண்ணு."

அவர் பெருமூச்சு விட்டு, பேனாவைத் திறந்து, ஒன்று என்று எழுதினார்.

பின்வரிசையில் மலக்கி தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். எந்தக் கூட்டத்திலும் அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"நீ நிஜத்தைச் சொல்லிட்ட தாயி. இனி நான் பேசாம இருந்தா நல்லா இருக்காது," என்றார். "அது... அது நான் போட்டுப் போட்டுக் கிழிஞ்ச என் பழசு. நீ குடுத்தது நல்ல கனமான துணியா இருந்துதா, மண்ணுல போட மனசு வரல. இப்ப அதைத்தான் போட்டிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"வேணும்னா இப்பவே கழட்டித் தரேன்," என்றார் மலக்கி, நிஜமான அக்கறையோடு.

டெர்வலாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பீறிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். பிறகு அது சிரிப்பாக இல்லை. நூலா ஓடிவந்து அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். டெர்வலா அவள் தோளில் சாய்ந்தபடியே கையை நீட்டிப் பேராசிரியரின் பேனாவை வாங்கி, அவர் எழுதியிருந்த 'ஒன்று' என்பதை அடித்துவிட்டுப் பூஜ்யம் என்று தானே எழுதினாள்.