மடைக்கல்லைப் படம் பிடித்தது

இலஞ்சிக்குப் போகிற வழியில் இருக்கும் குளத்தில், மடை திறக்க முங்குவது எங்கள் குடும்பத்து வேலை. அந்த வருஷ முறை என் மைத்துனன் மாடனுக்கு. வெள்ளிக்கிழமை அவன் இரண்டு ஆள் ஆழத்துக்குப் போய், மடைக்கல் துவாரத்தில் செருகியிருக்கும் கட்டையை உருவ வேண்டும். முந்தின வாரம் வண்டல் அள்ள முங்கிய நான், அந்தக் கல் பிளந்து விண்டிருப்பதைக் கையால் தடவித் தெரிந்துகொண்டேன். கட்டையை உருவினால் கல் பெயரும். மாடன் அதன் அடியில் கிடப்பான்.

குளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓவர்சியர் நமசிவாயத்திடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான்.

"நீ சொல்லுதது சரியாத்தான் இருக்கும் நயினாரு. ஆனா உன் கை பாத்துச்சுன்னு நான் மேல எழுத முடியுமா? நாத்து வேற முத்திக்கிட்டு வருது. மடைய நிறுத்தணும்னா கண்ணுல காட்ட ஒண்ணு வேணும்."

தென்காசியில் ஸ்டூடியோ வைத்திருந்த பரீதிடம் போனேன். அவரிடம் ஒரு சினிமா கேமரா இருந்தது. சாவி கொடுத்தால் அரை நிமிஷம் ஓடும். அதைக் கண்ணாடி பதித்த தகரப்பெட்டிக்குள் வைத்து, லாரி ட்யூபால் இறுக்கினார். மேலே இரண்டு லாரி விளக்குகள். பேட்டரி கரையில்.

திங்கட்கிழமை முங்கிப் பிடித்தேன். பரீது ஃபிலிமைக் கழுவி, ஸ்டூடியோச் சுவரில் ஓட்டிக் காட்டினார். சுவர் முழுக்க ஒரே வெள்ளை.

"ஆடி மேகத்துக்குள்ள லாரி வருத மாதிரில்லா இருக்கு" என்றான் மாடன்.

பரீது மூன்றாவது விளக்குக்கு ஆள் அனுப்பப் பார்த்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

"லைட்டக் கூட்டக் கூட்ட மண்ணுதான் மின்னுது பாய். கலங்கலக் குறைக்கணும்."

"குளத்த வடிகட்டப் போறீரோ?"

"குளம் எதுக்கு? கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவுல நிக்குற ஒரு முழத் தண்ணி போதும்."

ஒரு மண்ணெண்ணெய் டின்னை எடுத்து, இரண்டு முனையிலும் கண்ணாடி ஒட்டினோம். மாடன் ஐந்தருவிக்குச் சைக்கிளில் போய்க் கொண்டுவந்த தண்ணீரை வேட்டியில் வடிகட்டி அதில் நிரப்பி, கேமராப் பெட்டியின் முன்னால் கட்டினோம். விளக்கு ஒன்றே ஒன்று. டின்னின் பக்கவாட்டிலும் வெட்டி ஒரு கண்ணாடி பதித்து, அதன் வழியே சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்தோம்.

"குத்தாலத்துத் தண்ணியக் கொண்டாந்து குளத்துக்குள்ள முக்குதானுவ, பாரு" என்று கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

புதன்கிழமை முங்கினேன். டின்னைக் கல்லுக்கு நாலு விரற்கடை தள்ளிப் பிடித்து விசையைத் தட்டினேன். அன்று சாயங்காலம் ஓவர்சியரும் ஸ்டூடியோவுக்கு வந்தார்.

இந்தத் தடவை கல் தெரிந்தது. உளி கொத்திய தடம்கூடத் தெரிந்தது. உடனே ஒரு கை வந்து குறுக்கே நின்றது. என் கைதான். கலங்கலில் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் முங்குவோம். அங்கே கைதான் பார்க்கும். அது பழக்கத்தில் தானாகப் போய், விண்ட இடத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. படம் முடியும்வரை நகரவில்லை.

"கல்லப் பிடியும்னா கையப் பிடிச்சிட்டு வந்திருக்கீரே" என்று பரீது தலையில் கை வைத்தார். அவரிடம் வேறு ஃபிலிம் இல்லை. மெட்ராஸிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். நான் மாடன் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவ ஓட்டும் பாய்" என்றார் ஓவர்சியர். மூன்றாம் தடவை ஓடியபோது எழுந்து சுவரருகே போனார்.

"நயினாரு, கட்டை செருகுன துவாரம் இதுதானா?"

"இல்லைங்கய்யா. அது வலப்பக்கம் தள்ளி இருக்கு. இங்கன வெறும் கல்லுதான்."

"வெறும் கல்லுன்னா உன் நாலு விரலும் எங்கலே போச்சு?"

நானும் அப்போதுதான் பார்த்தேன். பெருவிரல் மட்டும் வெளியே நின்றது. மற்ற நாலும் கல்லுக்குள் அடிவரை போயிருந்தன.

ஓவர்சியர் அங்கேயே காகிதம் வாங்கி எழுதினார். குளத்துத் தண்ணீரை இறக்கிக் கல்லை மாற்றும்வரை மடையைத் தொடக்கூடாது, நாற்றங்காலுக்குக் கிணற்றிலிருந்து இறைத்துக்கொள்ள வேண்டும் என்று.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மாடனும் நானும் கிணற்றில் இறைத்தோம். பொழுது சாயும் நேரத்தில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தான்.

"அத்தான், இதுக்கு முங்குறதே தேவலாம்" என்றான்.

"எந்திரிலே. இன்னும் ஒரு பாத்தி பாக்கி."