குளித்ததற்குச் சான்று

என் தம்பி ஆரோக்கிய ஜெகனுக்கு நைஜீரியாவில் தூக்குத் தண்டனை விதித்தார்கள். காரணம், அவன் குளித்தான்.

இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நடந்தது அதுதான்.

லாகோஸில் ஒரு கம்பெனிக் கிடங்கில் அவனுக்கு ஸ்டோர் கீப்பர் வேலை. அவன் அறையில் கூடத் தங்கியிருந்தவர் ஞானசேகரன், சிதம்பரம் பக்கம் கீரப்பாளையத்துக்காரர். 2005-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு ஜெகன் அறைக்குத் திரும்பினால், ஞானசேகரன் கத்திக்குத்து பட்டுக் கிடக்கிறார். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறான். உயிர் போய்விட்டது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதுவரைக்கும் சரி. அதற்கப்புறம் அந்தப் புத்திசாலி என்ன செய்தான் தெரியுமா? நேராக அறைக்கு வந்து தலை முழுகினான். போட்டிருந்த துணியை சோப்புப் போட்டு அலசிக் கொடியில் போட்டான். அறையை பினாயில் ஊற்றிக் கழுவினான். எல்லாம் முடித்துவிட்டு, ஈரத் தலையோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான்.

"உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்காடா?" ஜெயிலிலிருந்து எப்போதாவது வரும் போனில் கத்தினேன்.

"சாவு வுழுந்த எடம்க்கா. கழுவாம எப்படி வுடுறது?" என்றான்.

தலையில் அடித்துக்கொண்டேன். ரத்தக்கறைத் துணியைத் துவைத்தவன், தரையைக் கழுவியவன், கொலைகாரன் இல்லாமல் வேறு யார் என்று அரசு வக்கீல் கேட்டாராம். இவன் சொன்ன பதில் அந்த ஊர்க்காரர்களுக்குப் புரியவில்லை. 2008-ல் தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து எங்கள் அம்மா சவரிமேரி தரையில் படுக்க ஆரம்பித்தாள்.

அப்பீலுக்கு வந்த வக்கீல் அடெபாயோ நல்ல மனிதர். போனில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: பிணத்தைத் தொட்டவர்கள் குளிப்பதும், துணி அலசுவதும், சாவு வீட்டைக் கழுவுவதும் உங்கள் ஊர் வழக்கம் என்று பொறுப்பான ஒருவர் எழுதித் தரவேண்டும். குடும்பத்தார் எழுதினால் எடுபடாது. வேறு யாராவது எழுதினால் மேல் கோர்ட்டில் அனுமதி கேட்டுத் தாக்கல் செய்கிறேன்.

ப்பூ, இவ்வளவுதானா என்று நினைத்தேன். கடலூர் முதுநகரில் கல்லறைக்குப் போய்வந்து குளிக்காமல் வாசப்படி ஏறுகிறவன் ஒருத்தனைக் காட்டுங்கள் பார்ப்போம். ஞானஸ்நானம் வாங்கித் தலைமுறைகள் ஆகியும் நாங்கள் யாரும் அதை விட்டதில்லை. முதலில் பங்குச்சாமியாரிடம் போனேன்.

"திருச்சபையில தீட்டுன்னு ஒண்ணு கெடையாது டீச்சர்" என்றார். "நானே வந்த நாள்லேருந்து பிரசங்கத்துல இதத்தான் கண்டிச்சிக்கிட்டு இருக்கேன். நானே வழக்கம்னு எழுதிக் குடுத்தா ஆயர் என்ன கேக்க மாட்டாரா?"

"அப்ப நீங்க கண்டிச்சதையே எழுதிக் குடுங்க சாமி. இல்லாத வழக்கத்தையா கண்டிச்சீங்க?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஜெபம் செய்வோம் என்றார். செய்யுங்கள், யார் வேண்டாம் என்றது?

அடுத்து வி.ஏ.ஓ. வாரிசுச் சான்று தருவாராம், வருமானச் சான்று தருவாராம், குளித்ததற்குச் சான்று தர அரசாணை இல்லையாம். சிதம்பரத்தில் ஒரு பேராசிரியர் இந்த மாதிரி வழக்கங்களை ஆராய்கிறார் என்று கேள்விப்பட்டு அவரிடமும் போனேன். அது இந்துக்களின் சடங்கு, உங்கள் தம்பி கிறிஸ்தவர், அதனால் பொருந்துமா என்று கள ஆய்வு செய்துதான் சொல்ல முடியும் என்றார். ஆய்வு முடிவதற்குள் அங்கே தூக்குக் கயிறே நைந்துவிடும். சாமியாருக்கு நாங்கள் இந்து, பேராசிரியருக்குக் கிறிஸ்தவர். குளிக்கிற தண்ணீருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை.

அவர் அறையிலிருந்து இறங்கி சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். கடலூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. எனக்கு அவ்வளவு ஆத்திரம். அந்த ஆத்திரத்தில்தான் அதில் ஏறாமல் கீரப்பாளையத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். செத்தவர் வீட்டுக்கு நான் அதுவரை போனதே இல்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது? அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

ஞானசேகரனின் மனைவி மாலதி சத்துணவு வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் யார் என்று சொன்னதும் முகம் இறுகிப்போனது. ஆனாலும் உட்காரச் சொன்னாள். குளித்தது, துவைத்தது, கழுவியது, எல்லாவற்றையும் சொன்னேன். சாமியாரையும் வி.ஏ.ஓ.வையும் நன்றாகத் திட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"குளிச்சாருன்னா தூக்குல போடுறாங்க?"

"ஆமாம்மா."

"எங்க யாருக்கும் இதச் சொல்லலக்கா. கூடத் தங்குனவன்தான் கொன்னுட்டான்னு மட்டும் சொன்னாங்க. ஒடம்பு பெட்டியில வந்துச்சி. தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஒரு செம்பு தண்ணி ஊத்த முடியல. நம்ம மனுசன்னு அவர் ஒடம்பத் தொட்டது உங்க தம்பி ஒருத்தர்தான்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

மறுநாள் சிதம்பரத்தில் நோட்டரி பொன்னுரங்கம் முன்னால் உட்கார்ந்தோம். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, செத்தது உன் புருஷன். தண்டனை வாங்குனவனுக்கு நீயே பிரமாணப் பத்திரம் குடுக்கிறியா? புரிஞ்சிதான் பண்றியா?"

"கொன்னவன் தப்பிச்சு ஓடுவான் சார். தலைக்கு ஊத்திக்கிட்டு எடத்தயும் கழுவிட்டு ஸ்டேஷனுக்குப் போவானா? குளிக்காம போயிருந்தாதான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்" என்றாள் மாலதி. அதையே, இது எங்கள் பக்கத்து வழக்கம் என்பதையும் சேர்த்து, எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

2011-ல் அடெபாயோ கூப்பிட்டார். அப்பீல் ஏற்கப்பட்டது, ஜெகன் விடுதலை. கொலையானவரின் மனைவியே கொடுத்த பத்திரத்தை நீதிபதிகள் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்களாம். அம்மா அன்றைக்குக் கட்டிலில் படுத்தாள். நன்றிப் பூசையில் சாமியார், ஜெபத்தின் வல்லமை என்று பிரசங்கம் வைத்தார். நான் எழுந்து ஏதாவது சொல்லிவிடப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் லூர்துசாமி என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாலதிக்கு நேரில்தான் சொல்லவேண்டும் என்று அந்த வாரமே போனேன். அவள் சத்துணவுக் கூடத்தில் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள்.

"நல்லதுக்கா. உங்க அம்மா வயித்துல பால வார்த்தாங்க." பிறகு கேட்டாள்: "ஜட்ஜிங்க எழுதியிருப்பாங்கல்ல, அப்ப வேற யாருன்னு?"

"தீர்ப்புல அது இல்லம்மா. ஜெகன் இல்லன்னு மட்டும்தான் இருக்கு."

"அப்ப இனிமே கொன்னவன யாரு தேடுவாங்க?"

"கேஸ் முடிஞ்சிட்டுதாம்மா."

அவள் தலையாட்டினாள். பிடித்த கையை விடவில்லை.

"நீங்க இத்தினி எடம் ஏறி எறங்குனவங்க. எந்த ஆபீஸ்ல போயி கேக்கணும்னு சொல்லுங்கக்கா. நான் போயிக்கிறேன்."

சாமியார், வி.ஏ.ஓ., பேராசிரியர் என்று ஒருத்தரையும் விடாமல் பதில் பேசிய நான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அண்டாவைக் கழுவ ஆரம்பித்தேன்.