கைக்கு எட்டும் உயரம்

"கையைத் தொங்கப் போடாதீங்க. கைப்பிடி மேல வைங்க. ம், அப்படியே இருங்க, ஆடக் கூடாது," என்றாள் என் மனைவி. அவள் பாலர் வகுப்பு டீச்சர். நாலு வயசுப் பிள்ளைகளோடு காலமெல்லாம் மல்லுக்கட்டி, உலகத்தில் உள்ள எல்லோருக்கும் நாலு வயசுதான் என்று முடிவு கட்டிவிட்டவள். எனக்கும் நாலு வயசு, எங்களுக்கு நாற்காலி காட்டிக்கொண்டிருந்த கடைக்காரருக்கும் நாலு வயசு. நான் அடக்கமாகக் கையை வைத்தேன். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தரையிலிருந்து என் மணிக்கட்டு வரை சாண் போட்டு அளந்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"வேண்டாம். அடுத்தது."

எழுந்திருக்க எனக்கு மனசே வரவில்லை. என்ன நாற்காலி தெரியுமா அது! நல்ல காப்பிக்கொட்டை நிறத்தில் அசல் லெதர். உட்கார்ந்ததும் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டு என்னை வாங்கிக்கொண்டது. பொத்தானைத் தொட்டால் முதுகு தானாகச் சாய்கிறது, கால் தானாக மேலே போகிறது, சத்தமே இல்லை. நான் தொலைதூர பஸ் ஓட்டியவன், உட்கார்ந்தே பிழைத்தவன். பஞ்சு நசுங்கிப்போன சீட், கம்பி குத்துகிற சீட், எனக்கு முன்னால் ஓட்டினவனின் ஆகிருதிக்குப் பள்ளம் விழுந்த சீட் என்று எல்லாவற்றிலும் குப்பை கொட்டியிருக்கிறேன். சீட்டைப் பற்றி எனக்குத் தெரியாததா? ஆனால் டீச்சர் சொன்னால் சொன்னதுதான். எழுந்தேன்.

விஷயம் இதுதான். என் மாரைப் பிளந்து இதயத்தைச் சரிபார்த்துத் தைத்து அனுப்பியதிலிருந்து எனக்கு நீட்டி நிமிர்ந்து படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. கொஞ்ச நாளைக்குச் சாய்ந்த மாதிரியே தூங்குங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலில் தலையணைகளை அடுக்கிப் பார்த்தோம், சரிந்து சரிந்து விழுந்தேன். கடைசியில் ஹாலில் சோபா மூலையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்து தூங்க ஆரம்பித்தேன். அவள் அறையில், நான் ஹாலில். நடுவில் திறந்த கதவு. கண்ணை மூடினால் போதும், செருப்புச் சத்தம் கேட்கும். வந்து நின்று என் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். நான் தூங்குகிற மாதிரி பாசாங்கு செய்வேன். அவள் போய்ப் படுப்பாள், பிறகு மறுபடி வருவாள். இப்படி இரண்டு பேரும் தூங்காமல் ஒருத்தரை ஒருத்தர் காவல் காத்தோம். காலையில் அவள் கண்ணைப் பார்த்தால் இரண்டு கோவைப்பழம். அதோடு பள்ளிக்கூடத்துக்கும் போய், ஆடிப் பாடிவிட்டு வந்தாள்.

மகள்தான் போனில் யோசனை சொன்னாள். "ஹால்ல ஒரு நல்ல லெதர் ரிக்லைனர் வாங்கிப் போட்டுடுங்கம்மா. அப்பா பாட்டுக்கு டிவி பாத்துக்கிட்டே தூங்கட்டும்." நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. சோபா என்றால் தற்காலிகம். எனக்கென்று ஒரு நாற்காலி ஹாலுக்கு வந்துவிட்டால் அப்புறம் என் இடம் அதுதான். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் அங்கேயே நலம் விசாரிப்பார்கள், மாத்திரை டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் பக்கத்தில் குடியேறும், அறையில் என் தலையணையை எடுத்துப் பரணில் போடுவார்கள். இதை வாயைத் திறந்து சொல்ல முடியுமா? இந்த வயசில் பெண்டாட்டி பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்தால் கேட்கிறவர்கள் வாயால் சிரிக்க மாட்டார்கள். அதனால் பேசாமல் கிளம்பி வந்தேன். நாடு கடத்துவது என்று ஆகிவிட்டது, சிம்மாசனத்தோடு கடத்தட்டுமே.

கடைக்காரர் எள் என்றால் எண்ணெயாக நின்றார். அடுத்த நாற்காலியைத் தட்டிக் காட்டி, "இது கம்ப்ளீட் லெதர் மேடம்," என்றார்.

அவள் பக்கவாட்டில் கட்டைவிரலால் தேய்த்து, நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். "முழுக்கவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"உக்கார்ற இடம், சாயுற இடம் மட்டும் லெதர் மேடம். பக்கமெல்லாம் ரெக்ஸின்."

"அப்ப முதல்லயே அப்படிச் சொல்லணும். சரி, முதுகு தனியா கழண்டு வருமா?"

"கழண்டு வருமாவா? ஸ்ட்ராங்கா இருக்கும் மேடம், கழறவே கழறாது!"

"எனக்குக் கழறணும்," என்றாள். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். என்னை ஏன் பார்க்கிறார், எனக்கு மட்டும் என்ன தெரியும்?

அப்படியே ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டினாள். ஒன்றுக்குக் கைப்பிடி ரொம்ப அகலமாம். இன்னொன்று சாய்ந்தால் முன்னால் நகர்ந்துவிடுகிறதாம். கைப்பிடி மூணு சாணுக்கு மேல் போகவே கூடாதாம். மெத்தென்று இருக்கிறதா, எனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஹால்ல போடுற நாற்காலிக்கு எதுக்கு இத்தனை அளவு? எனக்கு அந்த முதல் நாற்காலியே போதும். நீ என்னதான் தேடுற?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பென்சிலை மூக்கில் விட்டுக்கொண்ட பையனைப் பார்க்கிற பார்வை.

"ஹால்ல போடுறதுக்கு நீங்க என்ன ஷூ ஸ்டாண்டா?"

அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"நம்ம ரூம் கதவு குறுகல். முதுகு தனியா வந்தாத்தான் உள்ள போகும். உங்க பக்கம் கட்டிலை ஒட்டிப் போடணும்னா கைப்பிடி மெத்தை உயரத்துக்கு இருக்கணும். இல்லேன்னா எப்படிங்க எட்டும்?" அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவளுக்கு நேரமில்லை. கடைக்காரரிடம் திரும்பி, "அதோ, அந்தக் கட்டில் பக்கத்துல தள்ளிட்டு வாங்க," என்றாள்.

கடையின் நட்டநடுவில், விளக்கு வெளிச்சத்தில், விற்பனைக்கு ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். அதையும் சாண் போட்டாள். எங்கள் கட்டில் உயரம்தான். நாற்காலியைத் தள்ளி வந்து ஒட்டிப் போட்டார்கள். என்னை உட்காரவைத்துச் சாய்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். பெற்றோர் கூட்டத்தில் நாற்காலி நுனியில் உட்காருகிறவள், வெளியிடத்தில் கொட்டாவி விட்டாலும் கையால் மறைக்கிறவள், ஜனம் வந்து போகிற கடையில் கட்டிலில் ஏறி ஒருக்களித்துப் படுத்தாள்.

"மேடம், அது டிஸ்ப்ளேக்கு..."

"தெரியுது. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

அந்த மனிதர் சமர்த்தாகத் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு திண்டாடியதை, இவள் சாண் போட்டு அளந்துகொண்டல்லவா இருந்திருக்கிறாள்! ஏ அப்பா, இவளுக்கா நான் பயந்தேன்?

அவள் கையை நீட்டினாள். விரல் கைப்பிடி விளிம்பில் இடித்து நின்றது. "இல்லை," என்று எழுந்தாள். அடுத்ததைத் தள்ளி வரச் சொன்னாள். அதுவும் இல்லை. அதற்கும் அடுத்தது ஒரு மங்கலான பழுப்பு நாற்காலி. நானாக இருந்தால் ஏறிட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். பொத்தான் கிடையாது, இழுக்கிற பிடிதான். லெதர் கொஞ்சம் விறைப்பு, பழக வேண்டும். ஆனால் கைப்பிடி ஒல்லி. முதுகுக்குப் பின்னால் இரண்டு கொக்கி, தூக்கினால் கழன்று வந்தது. மறுபடி மாட்டி, என்னை உட்காரவைத்துச் சாய்த்துவிட்டு, அவள் மறுபடி படுத்தாள். கை நீண்டது. தடவித் தேடவில்லை, எக்கவில்லை. நேராக வந்து என் மணிக்கட்டில் உட்கார்ந்தது. இரண்டு விரல் நாடியில்.

"ம். இதுதான்," என்றாள். கண்ணை மூடினாள்.

இன்னும் ஏதோ சோதனை நடக்கிறது போலிருக்கிறது என்று நான் ஆடாமல் இருந்தேன். அடுத்த உத்தரவு வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மெல்லிய குறட்டைதான் வந்தது.

கடைக்காரர் மெதுவாகத் திரும்பினார். "சார், இதே மாடல் கறுப்புலயும்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கட்டிலைப் பார்த்தார், ஜோடியாக இருந்த செருப்பைப் பார்த்தார். நுனிக்காலில் போய்க் கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை அணைத்தார். கட்டில் பார்க்க வந்த ஒரு ஜோடியை வாசலிலேயே மடக்கி, சாப்பாட்டு மேஜைகள் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

எனக்கு முழங்கால் அரித்தது. மூக்கு அரித்தது. சொறியவில்லை. வண்டி நிறைய ஜனம் தூங்கும்போது குழியில் விடாமல், பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் விரலுக்கடியில் என் நாடி ஓடிக்கொண்டிருந்தது. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டேன்.