இருபத்தேழாவது தலை

குடைக்காரர் என்றால்தான் அவரை யாருக்கும் தெரியும். சுற்றுலாக் கம்பெனியில் கைடு. மழையோ வெயிலோ, ஒரு மஞ்சள் குடையை விரித்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். கூட்டம் பின்னாலேயே போகும். பஸ்ஸில் எல்லாரும் ஏறியதும் விரலை நீட்டித் தலை எண்ணுவார். கணக்குச் சரியாக இருந்தால் "ரைட்!" என்பார். தன் வேலையில் ஒரு பயணியைக்கூட எங்கேயும் விட்டுவிட்டு வந்ததில்லை என்பது அவருடைய பெருமை. அதைக் கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அவளுக்குத் திரைச்சீலைக் கடையில் தையல் வேலை. யார் வீட்டு ஜன்னல் எவ்வளவு அகலம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அந்த ஜன்னல்களுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நின்று பார்க்கத்தான் நேரம் கிடைத்ததில்லை.

கல்யாணமான புதிதில் தேனிலவு என்று கூட்டிக்கொண்டு போனாரே, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! போனது கம்பெனி பஸ்ஸில். மாப்பிள்ளை டிரைவருக்குப் பக்கத்து சீட்டில். புதுப்பெண் கடைசி வரிசையில், வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்த ஒரு அம்மாளின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் நிற்கிற இடமெல்லாம் புருஷன் பின்னால் வருவார். இவள் முகம் மலரும். அவர் விரலை நீட்டி, "இருபத்தேழு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். அவர் வைத்த முதல் செல்லப் பெயர் அதுதான்.

அதற்கப்புறம் போன பயணங்களும் கம்பெனி பஸ்தான். அப்போது அந்த இருபத்தேழும் போயிற்று. அவளைத் தாண்டி அடுத்த தலைக்குப் போய்விடுவார், எண்ணுவதுகூட இல்லை. பிறகு மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம், தையல் என்று பயணமே நின்றுபோயிற்று.

இந்த வருஷம்தான் மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு அவருக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. மனிதர் முகமெல்லாம் பல்லாக வந்தார். கையில் கம்பெனி நோட்டீஸ்.

"இந்தா பாரு, நம்ம டூர்லயே ரெண்டு சீட் சொல்லிட்டேன். இந்தத் தடவை நானும் பாசஞ்சர்தான். ரூம், சாப்பாடு, வண்டி, எதுக்கும் அலைய வேண்டாம்."

"நான் வரல."

அவர் உடனே மகளைப் போனில் பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டார். மகள் அப்பா கட்சி. "அம்மா, டூர்ல போனாத்தான் நிம்மதி. எல்லாத்தையும் அவங்களே பார்த்துப்பாங்க."

"எல்லாத்தையும் பார்த்துப்பாங்க. என்னை யாருடி பார்க்கறது?"

அவர் விடவில்லை. "தனியாப் போனா டாக்ஸிக்காரன் ஊரைச் சுத்தியே கொண்டு போவான். ரூம்ல மூட்டைப்பூச்சி கடிக்கும்."

"கடிக்கட்டுமே. நம்ம ரெண்டு பேரை மட்டும்தானே கடிக்கும்?"

போனுக்குள் மகள் சிரித்துவிட்டாள். அதோடு அப்பா கட்சி கவிழ்ந்தது.

மனைவி சிரிக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த திரையை மடித்து வைத்துவிட்டு நேராக அவரைப் பார்த்தாள். "தனியாத்தான் போறோம். குடை வீட்டுலயே இருக்கட்டும். தலை எண்ணக் கூடாது. சரித்திரம் சொல்லக் கூடாது. அங்க வந்தும் கைடு ஆனீங்க, நான் அடுத்த ரயிலைப் பிடிச்சு வந்துடுவேன். இந்த ஜென்மத்துல உங்ககூட எங்கேயும் வர மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

மனைவி எப்போது சும்மா மிரட்டுகிறாள், எப்போது நிஜமாகச் சொல்கிறாள் என்று தெரியாத அளவுக்கு அவர் அப்பாவி இல்லை. மஞ்சள் குடை அலமாரிக்குள் போயிற்று.

ரயிலில் போய் ஒரு லாட்ஜில் தங்கிய மறுநாள் விடியற்காலையிலேயே வம்பு ஆரம்பித்தது. கதவுகள் படபடவென்று தட்டப்படும் சத்தத்தில் அவள் விழித்தாள். பக்கத்தில் புருஷனைக் காணோம். வராந்தாவில் எட்டிப் பார்த்தால், மனிதர் குளித்து, தலை வாரி, ஒவ்வொரு ரூம் கதவாகத் தட்டிக்கொண்டு போகிறார்! "எந்திரிங்க, எந்திரிங்க! டிபன் ரெடி!" லுங்கியும் நைட்டியுமாக ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். ஒருவர் பல் செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "தீ பிடிச்சிருச்சா?" என்று கேட்டார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள்.

"பழக்க தோஷம்மா" என்று அசடு வழிந்தார் அவர். "பாதித் தூக்கத்துல எந்திரிச்சேனா, டூர்னே நெனச்சுட்டேன்."

போகட்டும் என்று விட்டாள். சும்மா சொல்லக் கூடாது, அதற்கப்புறம் மனிதர் ரொம்பவே அடக்கிக்கொண்டார். இரண்டு பேரும் கடைத்தெருவில் கால் போன போக்கில் நடந்தார்கள். ஒரு சந்தில் வழி தவறி, ஒரு சலவைக் கடைக்குள் போய் வெளியே வந்தார்கள். டீக் கடை பெஞ்சில் அரட்டை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர் வாட்சைப் பார்க்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். மனசு நிறைந்துபோயிற்று. இதற்குத்தானே ஆசைப்பட்டாள்! கொஞ்சம் கண்கூடக் கலங்கியது. தூசி என்று சொல்லிச் சமாளித்தாள்.

மத்தியானம் பழைய கோட்டைக்குப் போனார்கள். பார்த்துவிட்டு வெளியே வரும்போது சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. படிக்கட்டில் ஒருவன் குடை விற்றுக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்மா, நனைஞ்சுக்கிட்டே போகலாம்" என்றார் அவர், நெருப்பைக் கண்டவர் மாதிரி.

"ஜலதோஷம் பிடிச்சா யாரு பார்க்கறது? ஏம்ப்பா, மஞ்சளைத் தவிர எது வேணா குடு."

அவன் சிவப்புக் குடை ஒன்றைக் கொடுத்தான். அவள்தான் அதை விரித்து அவர் கையில் கொடுத்தாள். உயரமானவர் பிடித்தால் இரண்டு பேருக்கும் ஆகும் அல்லவா? கோட்டைச் சுவரை ஒட்டி அவர் தோளை உரசிக்கொண்டு நடந்தாள். என்னமோ பின்னால் சளசளவென்று பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. இவர்கள் நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு பெரிய கூட்டம், வரிசையாக!

முன்னால் நின்ற கண்ணாடி போட்ட பெரியவர், "அடுத்து எங்க சார்?" என்று கேட்டார்.

"நான் கைடு இல்லீங்க" என்றார் குடைக்காரர்.

"எங்களைச் சிவப்புக் குடை பின்னால வரச் சொன்னாங்களே!"

விஷயம் இதுதான். அது வேறொரு கம்பெனி டூர். அவர்களுடைய கைடும் சிவப்புக் குடைதான். யாரோ தொலைத்த கேமராவைத் தேட அவர் உள்ளே திரும்பிப் போயிருக்கிறார். மழையில் இவர்கள் கண்ணில் பட்ட முதல் சிவப்புக் குடையைப் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் அவர்கள் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியை எடு எடு என்று போலீஸ்காரர் விசில் ஊதினார். வயசானவர்கள் மழையில் நடுங்கினார்கள்.

குடைக்காரர் மனைவியைப் பார்த்தார். பசித்தவன் இலையைப் பார்ப்பதுபோல் அப்படி ஒரு பார்வை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பஸ் வரைக்கும்தாம்மா. பாவம், நனையறாங்க. நீ இங்கயே கோட்டை வாசல் வளைவுக்குக் கீழ நில்லு. இதோ வந்துட்டேன்."

குடை மேலே உயர்ந்தது. ஆள் இரண்டு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தார். கூட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒவ்வொருவரையும் கை கொடுத்து ஏற்றினார். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு உள்ளே ஏறினார். ஜன்னல் வழியாக விரல் ஆடுவது அவளுக்குத் தெரிந்தது. பிறகு "ரைட்!" என்ற அந்தக் குரல். பழக்க தோஷத்தில் டிரைவர் பக்கத்து சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்தார். போலீஸ் விசிலுக்குப் பயந்த டிரைவர் சிவப்புக் குடையை மட்டும் பார்த்தார், பஸ் கிளம்பிப் போயே போய்விட்டது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! ஒரு பயணியைக்கூட விட்டதில்லையாம். பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போகலாமாம். ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்று குடை விற்றவனிடம் கேட்டாள். அவன் காட்டினான். ஆனால் கால் நகரவில்லை. 'வழி தவறினா நின்ன இடத்துலயே நில்லுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போவேன்' என்று தேனிலவு பஸ்ஸில் மைக்கில் சொன்னாரே, அந்தப் பாழாய்ப்போன வாக்கியம் காதில் கேட்டது. அதற்குக் கட்டுப்பட்டு நிற்கிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

உள்ளேயிருந்து ஒரு மீசைக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். ஒரு கையில் கேமரா, மறு கையில் சிவப்புக் குடை. "அம்மா, இங்க நின்ன பஸ் எங்க?"

"என் வீட்டுக்காரர் கூட்டிட்டுப் போயிட்டார்."

"ஐயையோ! தலை எண்ணலையா?"

"எண்ணாம என்ன? எண்ணி, சரியா இருந்துதான் ரைட் சொன்னார்."

"நான் இங்க நிக்கறேன், எப்படிச் சரியா இருக்கும்?" என்று கத்திய மீசைக்காரர், சட்டென்று அடங்கிப்போனார். "இருக்கும்மா. கணக்குல கைடு வர மாட்டான். எங்களை நாங்க எண்ணறதே இல்ல." சொல்லிவிட்டு டிரைவருக்குப் போன் போட்டார்.

பஸ் திரும்பி வந்தது. நிற்பதற்குள் குடைக்காரர் குதித்தார். குடையை உள்ளேயே விட்டுவிட்டார். தொப்பலாக நனைந்து, முகமெல்லாம் வெளிறிப்போய் வளைவுக்குக் கீழே வந்து நின்றார். மீசைக்காரர் ஏறினார், பஸ் போயிற்று.

"என்னை எண்ணலையா?" என்று கேட்டாள் அவள்.

"இல்லம்மா."

"அந்தக் காலத்துல இருபத்தேழாவதா எண்ணினீங்க. அப்புறம் அதுவும் போச்சு. நான் என்ன, ஆளே இல்லையா?"

அவர் நெற்றியில் வழிந்த மழைத் தண்ணீரை வழித்துவிட்டுச் சொன்னார். "அப்போ நீ புதுசு. பாசஞ்சர் மாதிரி பயந்து பயந்து எண்ணினேன். அப்புறம் உன்னை எங்க எண்ணறது? நான் என்னை எண்ண மாட்டேனே. அந்த 'நான்'ங்கறதுக்குள்ள நீயும் வந்துட்டே."

அவள் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள். ஆனாலும் விட்டுக்கொடுக்கிற ஜாதியா அவள்?

"நல்லா இருக்குய்யா உங்க நியாயம்! உங்களுக்குள்ள இருந்து இருந்துதான் நான் இங்க தன்னந்தனியா நின்னேன். எண்ணுங்க இப்போ."

"எண்ணக் கூடாதுன்னு நீதானே..."

"நான்தான் சொன்னேன். நானே சொல்றேன், எண்ணுங்க."

அவர் விரலை நீட்டினார். "ஒண்ணு" என்றார். அப்புறம் விரலுக்குப் போகிற இடம் தெரியவில்லை. அப்படியே அந்தரத்தில் நின்றது. அவள் அந்த விரலைப் பிடித்துத் திருப்பி அவர் நெஞ்சிலேயே வைத்தாள்.

"ரெண்டு" என்றார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"அப்ப ரைட். நடங்க. எங்கேன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க, எனக்கும் தெரியாது."

மழை விட்டபாடில்லை. இரண்டு பேரும் குடையில்லாமல் நனைந்துகொண்டே ரயில் நிலையத்துக்கு எதிர்த் திசையில் நடந்தார்கள்.