பாஸாகாமல் படிக்க வேண்டும்

"படிக்கட்டும், நான் வேணாங்கல. ஆனா பாஸ் பண்ணக் கூடாது" என்றார் கோவிந்தராசு.

காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அமிர்தவல்லி சரி என்று தலையாட்டினாள். அண்ணன் சொன்னால் அதில் நியாயம் இருந்தே தீரும் என்பது அவள் கட்சி. அவள் மகள் அறிவுமதிக்குத்தான் காதில் விழுந்தது சரியா என்று சந்தேகம் வந்தது.

பிளஸ் ஒன் சேர்ந்தவுடனேயே கல்லூரிக்குத் திட்டம் போட்டுவிடுங்கள் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். மதியும் போட்டுவிட்டாள். காரைக்கால், வேளாண்மைக் கல்லூரி, நான்கு வருஷம். எந்தப் பாடத்தில் எவ்வளவு வாங்கினால் அரசுக் கலந்தாய்வான சென்டாக்கில் இடம் கிடைக்கும் என்பது வரை கணக்குப் பார்த்து, அதை அம்மாவிடம் சொன்ன மாலையே மாமன் உப்பளம் பகுதியிலிருந்த அவர்கள் வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றிவிட்டார்.

மாமன் மகன் நிலவனுக்குத்தான் அறிவுமதி என்று தொட்டிலில் போட்ட அன்றே பேசி முடித்தாயிற்று. அவளுக்குப் பதினெட்டு முடிந்த மறுமாசம் கல்யாணம். நிலவன் ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் பக்கெட் கம்பெனியில் இருந்தான். தங்கமான பையன். பிளஸ் டூவில் மட்டும் மூன்று முறை தவறியிருந்தான்.

"பொண்ணு எப்பவும் ஒரு படி கீழ இருக்கணும். அதான் நம்ம வழக்கம்" என்று மாமன் விரல் விட்டு விளக்கினார். "அவன் பிளஸ் டூ பெயிலு. இவளும் பிளஸ் டூ பெயிலாயிட்டா சமம். சமமே ஜாஸ்திதான், ஆனாலும் பரவால்ல. அவன் மூணு வாட்டி பெயிலு, இவ ஒரு வாட்டிதான ஆவப்போறா."

மதியின் அப்பா கிருஷ்ணசாமி அங்கே இல்லை. மச்சான் வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் மோட்டாரைச் சரிபார்க்க மாடிக்குப் போய்விடுவார். அந்த மோட்டார் வாங்கிய நாளிலிருந்து நன்றாகத்தான் ஓடுகிறது.

வழக்கம் அந்த வீட்டில் அளவோடுதான் இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் இரண்டு பிள்ளைகளையும் சமையலறை நிலைப்படியில் சாய்த்து நிறுத்தி, பென்சிலால் உயரம் குறிப்பார் மாமன். பெண் குட்டையாக இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்ள வேண்டுமே! ஒன்பதாம் வகுப்பில் மதி சொல்லாமல் கொள்ளாமல் நிலவனைத் தாண்டிவிட்டாள். "குனிடி" என்று அம்மா அவள் தோளை அழுத்தினாள். அன்றிலிருந்து மாமன் முன்னால் மதி கூனித்தான் நிற்கிறாள்.

கூனி நின்றபடியே கேட்டாள். "மாமா, ஒருவேள அவரு பாஸாயிட்டாருன்னா?"

"அவனா?" மாமனுக்குச் சிரிப்பு வந்தது. பெற்ற பிள்ளையாயிற்றே என்று அடக்கிக்கொண்டார். "ஆயிட்டா நீயும் ஆயிக்க, போ."

சொல்லிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "இன்னா புழுக்கம் இந்த வூட்ல!" தன் வீட்டுக்கு ஏ.சி. வாங்கிய நாளிலிருந்து தங்கை வீடு அவருக்குப் புழுங்குகிறது. அதற்கு முன் இதே வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டு, பாயில் குறட்டை விட்டவர்தான். மதி அதை மனசில் போட்டு வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மதி நிலவனுக்குப் பாடம் சொல்லித்தரத் தொடங்கினாள். பாக்கி இரண்டு, கணக்கும் வேதியியலும்.

"பக்கெட்டு அச்சுல சரியா வரலன்னா உருக்கி மறுபடியும் ஊத்துவோம்" என்றான் நிலவன். "என்னிய மூணு வாட்டி உருக்கிட்டாங்க, வரல டீச்சரம்மா. உட்டுடு."

"நீங்க பாஸாவணும்."

"நான் பாஸானா உனக்கு இன்னா லாபம்?"

"நீங்க பாஸாயிட்டா மாமாவுக்கு எங்க வூடு இன்னும் புழுங்கும். வேற வூடு தேடுவாரு."

நிலவன் அவளையே பார்த்தான். தன் அப்பனை அவனுக்குத் தெரியாதா? விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு வேதியியல் புத்தகத்தை அவனே பிரித்தான். ஷிப்ட் முடித்து, கையில் பிளாஸ்டிக் வாடையோடு வந்து படித்தான். அவ்வளவு நல்லவனைத் தன்னிடமிருந்து காப்பாற்றுவதா, தன்னை அவனிடமிருந்து காப்பாற்றிக்கொள்வதா என்று புரியாமல் மதிக்கே சில நாள் வருத்தமாக இருந்தது.

மதி பிளஸ் டூ முடிக்கும் வருஷம் இருவரும் ஒரே மார்ச்சில் பரீட்சை எழுதினார்கள். மாமன் பிள்ளையாருக்கு இரண்டு தேங்காய் உடைத்தார். ஒன்று மகன் பாஸாக. இன்னொன்று மருமகள் எக்கச்சக்கமாக மார்க் வாங்கிவிடாமல் இருக்க. பிள்ளையார் முதல் தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டார்.

நிலவன் மயிரிழையில் தேறினான். மதி பள்ளியிலேயே முதல். தெருமுனையில் பேனர் எழுந்தது, நிலவனுக்கு. கறுப்புக் கண்ணாடி, பின்னால் ஒரு சிங்கம், கீழே "பிளஸ் டூ வென்ற வேங்கையே!" பள்ளியில் முதலாக வந்தவள் அந்தப் பேனருக்குக் கீழே குனிந்து போய்த்தான் பால் வாங்கி வந்தாள்.

அந்த வாரமே மாமன் வந்தார். உட்காரவில்லை.

"அமிர்தம், தப்பா நெனைக்காத. பையன் பாஸாயிட்டான், இனிமே அவன் லெவலே வேற. வில்லியனூர்ல ஒரு எடம் வந்துக்குது. பொண்ணு டிகிரி."

அமிர்தவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே! தொட்டில்ல போட்டன்னிக்குச் சொன்ன வார்த்த..."

மதிதான் மெதுவாகக் கேட்டாள். "டிகிரின்னா அவரவிட ஒரு படி மேல இல்ல மாமா? பொண்ணு கீழதான இருக்கணும்?"

"நாப்பது பவுன் போடறாங்க பாப்பா" என்றார் மாமன், குழந்தைக்குச் சொல்வதுபோல. "நாப்பது பவுன் போட்டா படியெல்லாம் சரியாப்பூடும்."

வழக்கம் என்று இத்தனை வருஷம் அவள் முதுகை வளைத்தது இவ்வளவுதானா! மதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வாசலில் பைக் மேல் உட்கார்ந்திருந்த நிலவன் குரல் கொடுத்தான். "யப்பா, நம்ம வழக்கத்த உட முடியுமா? அந்தப் பொண்ணு டிகிரின்னா நான் அதுக்கும் ஒரு படி மேல படிச்சிட்டுதான் தாலி கட்டுவேன். என் வேகத்துக்கு ஒரு பத்து வருசம் ஆவும். சொல்லிடு அவங்ககிட்ட."

மாமன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். மாடியிலிருந்து கிருஷ்ணசாமி இறங்கி வந்தார். மச்சான் இருக்கும்போதே அவர் இறங்கி வந்தது அதுதான் முதல் முறை.

"மோட்டாரு சரியாயிடுச்சி" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "காரைக்காலுக்குக் காலைல எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டார்.

மதி நிலைப்படியில் சாய்ந்து நிமிர்ந்து நின்றாள். பென்சில் கோடுகள் எல்லாம் அவள் உச்சிக்குக் கீழே போய்விட்டன. அழுதுகொண்டே எழுந்து வந்த அம்மாவின் கை, பழக்கத்தில், மகளின் தோளை அழுத்தப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு அம்மா முந்தானையை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.