ஆறாவது சட்டை

பள்ளிக்கூடத்துக்கு நூற்று இருபத்தைந்து வயது. அதைக் கொண்டாட ஒரு மலர் போட்டார்கள். அந்த மலரின் நாற்பத்து நான்காம் பக்கத்தை எழுதியவள் ஷண்முகப்ரியா. தலைப்பு: 'நம்பர் அண்ணன் என்னும் பாசம்'. எழுதி முடித்த அன்றைக்கு அவளே அதை மூன்று தடவை படித்துப் பார்த்துப் பூரித்துப் போனாள். இப்போது அந்தப் பக்கத்தைத் திறக்கவே மாட்டாள்.

அடையாற்றில், ஆறு கடலைத் தொடும் பக்கமாக, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மதில் வைத்த பள்ளி மெல்ஃபர்ட். ஆண் பிள்ளைகள் மட்டும். வீடு தில்லியில் இருந்தாலும் சரி, ரெண்டு தெரு தள்ளி இருந்தாலும் சரி, உள்ளேயேதான் தங்க வேண்டும். சேர்ந்த அன்றே ஒரு நம்பர் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு நம்பருக்கும் இரண்டு பேர். ஆறாம் வகுப்பில் ஒரு சின்னவன், பதினொன்றாம் வகுப்பில் ஒரு பெரியவன். சின்னவன் துணியில் சிவப்பு நூலால் நம்பர் தைத்திருக்கும், பெரியவன் துணியில் நீலம். பெரியவன்தான் சின்னவனுக்கு 'நம்பர் அண்ணன்'. அண்ணனுக்குப் படுக்கை விரிப்பது, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது, ஞாயிற்றுக்கிழமை கோட்டை இஸ்திரி போடுவது எல்லாம் தம்பியின் வேலை. வெள்ளைக்காரன் ஆரம்பித்து வைத்தது. அவன் போய்விட்டான், இவர்கள் விடவில்லை. கோபாலபுரத்துப் பங்களாக்களில் இருக்கும் பழைய மாணவர்கள் காருக்குக்கூட அந்த நம்பரையே தேடி வாங்குவார்கள்.

அந்த நம்பர்களைத் தைப்பவள் தங்கம், ப்ரியாவின் அம்மா. ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து தினமும் நடந்து போய் இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பள்ளியின் சலவைக் கூடத்தில் துவைக்கிறாள், தைக்கிறாள், இஸ்திரி போடுகிறாள். பதினோரு வயதுப் பொடியன்கூட அவளை "தங்கம்!" என்றுதான் கூப்பிடுவான். எழுத்து தெரியாது. நம்பர் தெரியும்.

ப்ரியா அவர்கள் வீட்டில் முதல் டிகிரி. மலர் வேலைக்குத் தற்காலிகமாக ஆள் வேண்டும் என்று போனபோது நிர்வாக மேலாளர் ஆனந்தகுமார் சான்றிதழைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "தங்கத்தோட பொண்ணா? பி.ஏ. ஹிஸ்டரியா? பரவாயில்லையே!" என்றார். அந்தப் 'பரவாயில்லையே' எட்டு மாதமாக அவள் காதில் ஊசி மாதிரிக் குத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் போனாள். மலர் முடிந்ததும் ஆவணக் காப்பகத்தில் நிரந்தர வேலை என்று சொல்லியிருந்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு காலை, தி.நகர் நடைபாதையில் துணிக்கடை வைத்திருக்கும் கைசர் ஜஹான் என்கிற அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். பையன் காஷிஃப். ஆறாம் வகுப்பு. சின்ன அறுபத்தொன்று. இலவச இடத்தில் படிக்க வந்தவன். நாற்காலியில் சாயாமல், நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"முதுகுல, சட்டை மேலயே அயர்ன் பாக்ஸ் வெச்சிருக்காங்க சார்" என்றார் கைசர் ஜஹான். "அந்தப் பெரிய பையன், இவனோட நம்பர் அண்ணன். கோட்டுல மடிப்பு தப்பா விழுந்துடுச்சாம். 'சூடுன்னா என்னன்னு கத்துக்கோ'ன்னு வெச்சிருக்கான். என் புள்ள எட்டு நாள் யார்கிட்டயும் சொல்லல. காய்ச்சல் வந்து வீட்டுக்கு அனுப்புனீங்களே, அப்பதான் சட்டையக் கழட்டிப் பார்த்தேன்."

ஆனந்தகுமார் பையனைப் பார்த்தார். "பாத்ரூம்ல வெந்நீர் கொட்டிடுச்சுன்னு நர்ஸ்கிட்ட சொன்னது நீதானேப்பா?"

காஷிஃப் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயந்துட்டு சொல்லியிருக்கான் சார்."

"சரிம்மா. சட்டை போட்டிருந்தப்போ வெச்சாங்கன்னு சொல்றீங்க. அப்போ சட்டை கருகியிருக்கணும் இல்லையா? ப்ரியா, அறுபத்தொண்ணோட அலமாரியிலேர்ந்து சட்டை எல்லாத்தையும் எடுத்துட்டு வாம்மா."

ப்ரியா எடுத்து வந்தாள். மேசை மேல் ஒவ்வொன்றாக விரிக்கச் சொன்னார். ஆளுக்கு ஆறு சட்டை என்பது பள்ளிக் கணக்கு. ஆறும் இருந்தன. ஆறும் வெள்ளை வெளேர் என்று இருந்தன.

"பாருங்க. ஒரு கறைகூட இல்ல. பெரிய குடும்பத்துப் பையன் மேல அபாண்டமா பழி போடறது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா? இப்படியே பேசிட்டிருந்தா, டி.சி.ல நடத்தை 'திருப்தி இல்லை'ன்னு எழுத வேண்டி வரும்."

காஷிஃப் முதன்முறையாகத் தலையைத் தூக்கி அந்தச் சட்டைகளைப் பார்த்தான். தன் முதுகையே சந்தேகப்படுகிறவன் மாதிரிப் பார்த்தான். கைசர் ஜஹானும் ஆறையும் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். பிறகு மகனைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான். அந்த நொடியைப் பையன் கவனித்துவிட்டான்.

ப்ரியா அதோடு இன்னொன்றையும் கவனித்தாள். ஐந்து காலரில் சிவப்பு நூல் வெளுத்துக் கிடந்தது. ஆறாவதில் நூல் பளபளவென்று புதுசாக இருந்தது.

அன்று சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள். "அம்மா, அறுபத்தொண்ணுக்குப் புதுசா ஒரு சட்டை தெச்சியா?"

தங்கம் சோற்றுக் குண்டானை இறக்கிக்கொண்டிருந்தாள். "ஆருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. நூலப் பார்த்தேன்."

தங்கம் குண்டானைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். "கத்தாத. ரெண்டு வாரம் முன்னாடி ரிட்டன் கூடைல வந்துச்சி. பட்டன் போனது, கறை போவாதது எல்லாம் பசங்க அதுலதான் போடுவானுங்க. பார்த்தா முதுவுல பெருசா கருகிக் கீது. நான்தான் தேய்க்கறப்போ சுட்டுட்டேன்னு நெனச்சிக்கினேன். போன வருசம் எங்கூட தேச்சிக்கினு இருந்த ஹமீதுன்னிசா ஒரு கோட்ட சுட்டான்னு அன்னிக்கே வெளிய அனுப்பிச்சாங்களே, மறந்துட்டியா? அதான் நம்பரப் பிரிச்சிட்டு, ஸ்டோர்ல கெடந்த ஒண்ணுல தெச்சி வெச்சிட்டேன்."

"அந்தச் சட்டை எங்க?"

தங்கம் தன் கையைப் பார்த்தாள். குண்டான் இறக்கிய துணி இன்னும் கையில்தான் இருந்தது.

ப்ரியா அதைப் பிடுங்கி விரித்தாள். ஓரமெல்லாம் கரி. ஆனால் தோள்பட்டைக்குக் கீழே அந்த முக்கோணம் தெளிவாகத் தெரிந்தது. பழுப்பாக, கூர்முனை காலரைப் பார்த்தபடி. காலையில் ஆபீசில் நடந்ததை அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

தங்கம் சட்டையை வாங்கி, கதவைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தாள். கூடையில் வந்த அன்றைக்கு அவள் பயத்தில் சரியாகப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தாள். முக்கோணத்துக்குள்ளே வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள்.

"ஏய்!" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "ப்ரியா, இத்தப் பாருடி! நான் சுட்டதில்லடி இது! என் பெட்டி அடி மொழுக்குன்னு தோச கல்லாட்டம் இருக்கும். இது ஓட்ட வெச்ச பெட்டி. ஆவி வருமே, அது. பெரிய பசங்க ரூம்ல ஒண்ணு வெச்சிக்கினு கீறானுங்க. ஓட்ட இருக்கற எடத்துல துணி கருகாது, அதான் புள்ளி. ஐயோ, ரெண்டு வாரமா தூக்கம் இல்லாம செத்துக்கினு இருந்தேனேடி..."

சிரித்துக்கொண்டே சட்டையை உள்பக்கமாகத் திருப்பினாள். உள்ளே துணியோடு ஏதோ மெல்லிசாக, காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. சட்டையை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அந்தச் சோற்றை யாரும் தொடவில்லை.

ப்ரியா ஆத்திரக்காரி. பஸ் கண்டக்டரிலிருந்து காலேஜ் ஹெச்.ஓ.டி. வரைக்கும் சண்டை போட்டவள். ஆனால் இந்த விஷயத்தில் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. வேலை ஆர்டர் ஆனந்தகுமார் மேசையில் கையெழுத்துக்குப் போயிருந்தது. 'ஆர்டர் வந்த மறுநாள் சொல்லிடலாம்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். டிகிரி வாங்கியதும் இந்தக் கணக்குதான் முதலில் வருகிறது போலிருக்கிறது.

மூன்றாம் நாள் தங்கமே சொன்னாள். "அந்தப் பையன் அம்மா போன் நம்பர் உங்க ஆபீஸ்ல இருக்கும்ல? கொண்டா."

"அம்மா, ஆர்டர்..."

"ஆர்டராம் ஆர்டரு. நான் பூசி மொழுகுனதாலதான அந்தப் புள்ளய பொய்யன்றானுங்க? அவங்க ஆத்தாவே அவன நம்பாமப் பார்த்தாங்கன்னு நீதான சொன்ன? நம்பரு குடுக்கறியா, இல்ல நானே ஆபீசுக்கு வந்து எல்லார் எதிர்க்கவும் கேக்கட்டா?"

சட்டை கைசர் ஜஹான் கைக்குப் போனது. அவர் போலீசுக்குப் போவேன் என்றதும் பள்ளி அவசரமாக ஒரு விசாரணை வைத்தது. மூன்று பேர் குழு. பிரின்சிபல், ஆனந்தகுமார், நடுவில் பழைய மாணவர் சங்கத் தலைவர். அந்தத் தலைவரின் கார் நம்பர் 0061. பெரிய அறுபத்தொன்றின் அப்பா. இதில் என்ன தப்பு என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. பேசுவதை எழுதிக்கொள்ள ப்ரியாவை உட்கார வைத்தார்கள். சாட்சி அவள் அம்மா என்பதைக்கூட அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று அப்போது நினைத்தாள். எடுத்துத்தான் உட்கார வைத்தார்கள் என்பது பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

தங்கம் சலவைக் கூடத்து இஸ்திரிப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மேசை மேல் வைத்தாள். பிரின்சிபலின் தேநீர்க் கோப்பை குலுங்கியது.

"இது எதுக்கு?" என்றார் ஆனந்தகுமார்.

"என்னுது சார். அடியப் பாருங்க. ஓட்ட இல்ல."

"தங்கம், நீ பள்ளிக்கூடச் சட்டையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்க. அதுக்கு என்ன பேர்னு தெரியுமா? திருட்டு. ஆனா இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்திருக்க. தெரியாம சுட்டுட்டேன், பயந்து மறைச்சிட்டேன்னு சொல்லு. இத்தோட விட்டுடறோம். யாருக்கும் ஒண்ணும் ஆகாது." மேசை மேலிருந்த ஒரு கவரை ஒற்றை விரலால் ப்ரியா பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். "யாருக்கும்."

சுவரோரம் கைசர் ஜஹான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காஷிஃப், சாயாமல்.

தங்கம் மகளைப் பார்த்தாள். ப்ரியா கவரைப் பார்த்தாள். பிறகு பேனா மூடியைத் திறந்து, "சொல்லும்மா, எழுதறேன்" என்றாள்.

"எழுது. இருவத்திரெண்டு வருசத்துல ஒரு சட்டைய நான் சுட்டதில்ல. மறச்சது நான். சுட்டது நான் இல்ல. ஓட்ட வெச்ச பெட்டி பெரிய பசங்க ரூம்ல கீது. சட்ட அப்ப அந்தப் புள்ள ஒடம்பு மேல இருந்துச்சி. உள்பக்கம் தோலு ஒட்டிக்கினு கீது."

"ப்ரியா, அதை எழுதாதே" என்றார் பிரின்சிபல்.

எழுதினாள். ஒரு வார்த்தையையும் திருத்தவில்லை. கீது என்பதைக் கீது என்றே எழுதினாள். தங்கம் அதன் கீழே கட்டைவிரலை உருட்டினாள்.

சங்கத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எங்க காலத்துல பெல்ட். நாங்க யாரும் அம்மாவைக் கூட்டிட்டு வரல" என்றார்.

சொன்னதற்குச் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தார் போல. பிரின்சிபல் சிரித்தார்.

மறுநாள் காலை தாயையும் மகளையும் மதில் வாசலிலேயே காவலாளி நிறுத்திவிட்டான். பெரிய மாணவர்கள் அறையில் அப்படி ஒரு பெட்டி இருந்ததே இல்லை என்று விசாரணை அறிக்கை முடிந்தது. கைசர் ஜஹான் சட்டையோடு போலீசில் புகார் கொடுத்தார்.

ஏப்ரல் கடைசியில் கைசர் ஜஹான் குப்பத்துக்கு வந்தார். சந்துக்குள் வீட்டை விசாரித்து விசாரித்து வந்து, உள்ளே வரச் சொன்னாலும் வராமல் வாசலிலேயே நின்றார்.

"கேஸை வாபஸ் வாங்கிட்டேன் அக்கா."

"இன்னாத்துக்கும்மா?" என்றாள் தங்கம்.

"டி.சி.ல 'நல்ல நடத்தை'ன்னு போட்டுக் குடுத்துட்டாங்க. அசோக் நகர்ல ஒரு ஸ்கூல்ல சேர்த்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. இது இல்லாம எங்கயும் எடுக்க மாட்டாங்க. ஸ்டேஷன்ல அவனைத் தனியா உட்கார வெச்சு நாலு தடவை சட்டையைக் கழட்டச் சொன்னாங்க அக்கா. அஞ்சாவது தடவை அவன் வரமாட்டேன்னுட்டான்."

ப்ரியாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. 'நாங்க ரெண்டு பேரும் வேலையைத் தொலைச்சது எதுக்கு?' என்று நாக்கு நுனி வரை வந்தது. கைசர் ஜஹானின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

"அவன் உங்களைப் பத்திக் கேட்டான்" என்றார் கைசர் ஜஹான். "அந்த ஆன்ட்டி எனக்காகப் பொய் சொன்னாங்களா, நிஜம் சொன்னாங்களான்னு. நிஜம்தான்னு சொன்னேன்." பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "இந்தச் சட்டை வீட்டுல இருந்தா அவன் எடுத்து எடுத்துப் பார்க்கறான். தூக்கிப் போட எனக்கு மனசு வரல."

அவர் போன பிறகும் ப்ரியா வாசலிலேயே நின்றாள். மலர் முந்தின வாரம்தான் வெளிவந்திருந்தது. சலவைக் கூடத்துப் பெண் ஒருத்தி ரகசியமாக ஒன்று கொண்டுவந்து கொடுத்திருந்தாள். நாற்பத்து நான்காம் பக்கத்தில் ப்ரியாவின் பெயரை எடுத்துவிட்டார்கள். எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட எடுக்கவில்லை. 'அண்ணனின் கையில் தம்பி பாதுகாப்பாக வளரும் இல்லம் இது.' அந்த வரியைத்தான் பெரிய எழுத்தில், படத்துக்கு மேலே போட்டிருந்தார்கள்.

உள்ளே வந்தபோது தங்கம் ஜன்னலோரம் சட்டையை மடியில் விரித்து, ஊசியில் சிவப்பு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற?"

"நம்பரு தெக்கிறேன். நான்தான பிரிச்சேன்."

"இனிமே எதுக்கு? கேஸே இல்ல. யாரும் கேக்க மாட்டாங்கம்மா."

தங்கம் நூல் நுனியைப் பல்லில் கடித்தாள். "கேட்டா?"

"கேக்க மாட்டாங்கன்னு சொல்றேன்ல!"

"கேட்டா, ஆரு சட்டன்னு தெரியாமப் பூடும்."

குனிந்து காலரில் முதல் தையலைப் போட்டாள்.